‘இருக்கிறார்’ என்று மட்டுமே சொல்லத் தெரிந்த கருவிகள்

2021 நவம்பர் 19 அன்று காலை, வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில், தொடர் மழையில் ஊறிப்போயிருந்த ஒரு வீட்டின் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். பத்து நாள் கழித்து, நவம்பர் 29 அதிகாலையில், வேலூருக்கு மேற்கு தென்மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் 3.6 அளவுள்ள நிலநடுக்கம் பதிவானது. டிசம்பர் 23 அன்று மறுபடியும் ஒன்று, 3.5 அளவில். கட்டடங்களைத் தரைமட்டமாக்கக்கூடிய அளவல்ல இவை. ஆனாலும் சுவர் இடிந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரைச் சுற்றியே தரையும் அதிர்ந்தபோது, அந்தப் பக்கத்து மக்கள் மனத்தில் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. இடிந்த வீட்டுக்குள் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் எந்த மூலையில் இருக்கிறார் என்பதை வெளியே நிற்பவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?

இதற்குப் பதில் சொல்ல இன்று பலவகைக் கருவிகள் வந்துவிட்டன. அவற்றைப் பற்றி வரும் செய்திகளைப் படிக்கிறவருக்கு, இடிபாட்டின் மேல் கருவியை வைத்ததுமே உள்ளே படுத்திருப்பவரின் உருவம் திரையில் தெரிந்துவிடும் என்ற எண்ணம்தான் ஏற்படும். உண்மை அப்படி இல்லை. உயிருள்ள உடல் வெளியே விடுகிற ஏதோ ஓர் அடையாளத்தை, அதாவது ஒலியையோ அசைவையோ மணத்தையோ சூட்டையோ, ஒவ்வொரு கருவியும் தேடுகிறது. அந்த அடையாளம் கிடைத்தால் ‘இருக்கிறார்’ என்று சொல்கிறது. கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லும் தகுதி எந்தக் கருவிக்கும் கிடையாது. மீட்பு வேலையில் நடக்கும் பெரிய தவறுகளில் ஒன்று, கருவியின் மௌனத்தை உள்ளே இருப்பவரின் மௌனமாக எடுத்துக்கொள்வது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கருவியும் எதைப் பிடிக்கிறது, எந்த இடத்தில் கைவிடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய வட ஆர்க்காட்டு மண்ணுக்கு இந்த விஷயத்தோடு நெருங்கிய தொடர்பு உண்டு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2006இல் உருவான தேசிய பேரிடர் மீட்புப் படையின் 4ஆவது பட்டாலியன் அரக்கோணத்தை அடுத்துத்தான் நிலைகொண்டிருக்கிறது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையிலிருந்து எடுக்கப்பட்ட வீரர்களைக் கொண்ட பிரிவு அது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தபோதும், 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீடுகளை மூடியபோதும் போனவர்கள் அவர்களே. இவ்விரண்டு இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கருவியைக் காட்டிலும் இடிந்து விழுந்த பொருள்தான் பலவற்றைத் தீர்மானிக்கிறது என்பது விளங்கும்.

மௌலிவாக்கத்தில் 61 பேர் இறந்தார்கள், 27 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். மூன்று நாள் கழித்தும் உயிரோடு ஒருவர் வெளியே வந்தார். அந்த இடிபாடு கான்கிரீட்டால் ஆனது. தளத்தின் மேல் தளம் அப்பளம் அடுக்கியதுபோல் விழுந்தாலும், ஒரு தூணோ உத்திரமோ ஓர் ஓரத்தைத் தாங்கிப் பிடித்துவிட்டால் அதனடியில் ஆள் படுக்கிற அளவுக்கு இடுக்கு மிஞ்சும். தளம் ஒரு பக்கம் தரையிலும் மறுபக்கம் சுவரிலும் சாய்ந்து நின்றால், அந்த முக்கோண இடத்தில் காற்று இருக்கும். மீட்புப் படையினர் இடிபாட்டைப் பார்த்ததும் முதலில் தேடுவது இந்த வெற்றிடங்களைத்தான். ஆள் இருக்கக்கூடிய இடம் எது என்று தெரிந்தால்தான் கருவியை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் நிலை வேறு. மண்சுவரின் மேல் நாட்டு ஓடு வேய்ந்த வீடு, சுண்ணாம்புச் சுவரும் மரச் சட்டங்களும் கொண்ட பழைய மெத்தை வீடு, செங்கல் சுவருக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வாடகைக் குடியிருப்பு ஆகியவையே வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டுத் தெருக்களில் மழைக்காலத்தில் விழுகின்றன. மண்சுவர் விழும்போது பாளம் பாளமாக நிற்பதில்லை. உடைந்து பொடியாகி, கிடைத்த இடுக்கையெல்லாம் நிரப்பிவிடுகிறது. காய்ந்த மண் என்றால் தூசி மூக்கையும் வாயையும் அடைக்கும். ஈரமண் என்றால் மார்பின் மேல் அமர்ந்து மூச்சை இழுக்க விடாது. பேரிடர் மீட்பில் அடிக்கடி சொல்லப்படும் ‘முதல் 72 மணி நேரம்’ என்பது காற்றுள்ள இடுக்கில் சிக்கியவர்களுக்குப் பொருந்தும் கணக்கு. மண்ணில் புதைந்தவருக்கு உள்ள நேரம் நிமிடங்களில்தான் எண்ணப்படும். வெளிநாடுகளில் கான்கிரீட் இடிபாடுகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட கருவிகள் நம் மண்வீட்டுக்கு வந்து சேரும்போது, பெரும்பாலும் அவை கேட்க வேண்டிய மூச்சு ஏற்கெனவே நின்றிருக்கும். இதைச் சொல்வது மனத்துக்குக் கடினமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் கருவிகளின் திறனை மட்டும் எழுதுவது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

கருவிகளில் மூத்ததும், இன்றும் அதிகம் நம்பப்படுவதும் ஒலியைத் தேடுவது. வீட்டுக்குத் தண்ணீர் வரும் இரும்புக் குழாயில் ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிவிட்டு, மூன்றாம் வீட்டில் இருப்பவரை அதே குழாயில் காதை வைத்துக் கேட்கச் சொன்னால் அவருக்கு அது தெளிவாகக் கேட்கும். வாய்விட்டுக் கத்தினால்கூட அந்த அளவுக்குக் கேட்காது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் போகிறது. கான்கிரீட்டில் அதைப்போல் பத்து மடங்கு வேகத்தில், குறைவாகவே தேய்ந்து பயணம் செய்கிறது. உள்ளே இருப்பவர் ஒரு கல்லால் தளத்தில் தட்டினால், அந்த நுண்ணிய அதிர்வு தளம், தூண், கம்பி வழியாக மேற்பரப்பு வரை வந்துவிடும். ஜியோஃபோன் எனப்படும் உணரி அதைப் பிடிக்கிறது. காந்தத்தைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள்தான் அதன் உள்ளே இருக்கிறது. தரை அதிரும்போது காந்தம் ஆடும், சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும், அதைப் பெருக்கி ஹெட்ஃபோனில் கேட்கிறார்கள். நிலநடுக்கத்தையும் எண்ணெய் வளத்தையும் அளக்கும் அதே கருவிதான் இங்கே மனிதனைத் தேடுகிறது.

இடிபாட்டின் மேல் இத்தகைய உணரிகளைச் சில மீட்டர் இடைவெளியில் பரப்பி வைப்பார்கள். எந்த உணரியில் ஒலி பலமாக வருகிறதோ அதன் பக்கம் மற்றவற்றை நகர்த்தி வைத்து, மறுபடி கேட்பார்கள். இப்படி வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போவதுதான் வேலை. ஆனால் இந்த வேலைக்கு அமைதி வேண்டும். ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் 1991இல் அமைந்த சர்வதேசத் தேடல் மீட்பு ஆலோசனைக் குழுவான இன்சராக், இதற்காக விசில் ஒலிகளை வகுத்திருக்கிறது. மூன்று குறுகிய ஊதல் என்றால் எல்லோரும் உடனே இடிபாட்டை விட்டு வெளியேற வேண்டும். ஒரு நீண்ட ஊதல் என்றால் வேலையை நிறுத்தி அமைதியாக இருக்க வேண்டும். ஒரு நீண்ட ஊதலும் ஒரு குறுகிய ஊதலும் வந்தால் வேலையைத் தொடரலாம்.

அந்த ஒரு நீண்ட ஊதலுக்குப் பிறகு நடப்பதைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். ஜேசிபி அணைக்கப்படுகிறது. ஜெனரேட்டர் அணைக்கப்பட்டு விளக்குகளும் அவிகின்றன. கடப்பாரை பிடித்தவர் அதைக் கீழே போடாமல், ஓசை எழாதபடி கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒருவர் ஒலிபெருக்கியில், “உள்ளே யாராவது இருந்தால் மூன்று முறை தட்டுங்கள்” என்று சொல்கிறார். பிறகு யாரும் மூச்சுக்கூடப் பலமாக விடுவதில்லை. ஹெட்ஃபோன் மாட்டியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். தெருமுனையில் ஒரு லாரி ஹாரன் அடித்தால் எல்லாம் வீண். உள்ளே பிள்ளையைத் தொலைத்த தாயின் அழுகையும் அந்தக் கருவிக்கு இரைச்சல்தான் என்பது இந்த வேலையின் கொடுமை. மெக்சிகோவில் மீட்புப் பணியாளர்கள் கையை மூடி உயர்த்திப் பிடித்தால் தெருவே ஓசையடங்கி நிற்கும். அந்த வழக்கம் அங்கே பொதுமக்கள் வரை பரவியிருக்கிறது. நம் ஊரில் விபத்து நடந்த இடத்தில் கூடும் கூட்டத்துக்கு இந்த ஒரு பழக்கம் வந்தால், விலையுயர்ந்த பல கருவிகளைக் காட்டிலும் அது அதிகம் பயன்படும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒலிக் கருவியின் குறை வெளிப்படையானது. உள்ளே இருப்பவர் தட்ட வேண்டும், முனக வேண்டும், குறைந்தது காலையாவது உரச வேண்டும். நினைவிழந்தவரை, கை கால் நசுங்கியவரை, வாயில் மண் அடைத்த குழந்தையை அது கண்டுபிடிக்காது. அவர்களும் மூச்சு விடுகிறார்கள். அந்த மூச்சைப் பிடிக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் ரேடார் வந்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குன்-மு சென் என்ற மின்பொறியியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1980களில் இதைச் செய்து காட்டினார்கள். அடிப்படை எளிமையானது. ஒரு ரேடியோ அலையை இடிபாட்டுக்குள் அனுப்பினால், அது கல், கம்பி, கட்டில் என்று எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். அசையாத பொருளிலிருந்து திரும்பும் அலை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். மூச்சு விடும்போது மார்பு சில மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. அதில் பட்டுத் திரும்பும் அலை மட்டும் அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். மாறாததையெல்லாம் கழித்துவிட்டு, நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மாறுகிற ஒன்று மிஞ்சுகிறதா என்று பார்த்தால் போதும். அப்படி மிஞ்சினால் அது மூச்சு.

சொல்வது எளிது. அளவு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 சென்டிமீட்டர். மார்பு 5 மில்லிமீட்டர் உயர்ந்தால், போய்வரும் தூரம் 10 மில்லிமீட்டர் குறைகிறது. ஒரு முழு அலையை 360 பாகையாகக் கொண்டால், இது 12 பாகை மாற்றம். இதயத் துடிப்பால் மார்புத் தோல் அசைவதோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதனால் வரும் மாற்றம் ஏறத்தாழ ஒரு பாகை. சுற்றிலும் உள்ள கற்களிலிருந்து திரும்பும் பேரிரைச்சலுக்கு நடுவே இந்த ஒரு பாகையைப் பிரித்தெடுக்க வேண்டும். கருவியை இயக்குகிறவரின் சொந்த மூச்சே அதில் பதிந்துவிடும் என்பதால், வைத்துவிட்டு எல்லோரும் விலகிப் போக வேண்டும். இடிபாட்டின் மேல் ஒரு பூனை நடந்தாலும், மரக்கிளை காற்றில் ஆடினாலும் கணக்கு கெடும்.

அலை நீளத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீளம் குறைந்த அலை நுண்ணிய அசைவை நன்றாகக் காட்டும், ஆனால் சுவரைத் துளைத்து அதிக தூரம் போகாது. நீளம் கூடிய அலை ஆழம் போகும், ஆனால் கம்பிக் கட்டு அதை மறிக்கும். கான்கிரீட் தளத்தில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கட்டிய கம்பி வலை, அதைவிடப் பெரிய அலைகளுக்கு ஏறத்தாழ ஒரு மூடிய தகடுபோல் ஆகிவிடுகிறது. சென் குழுவினர் முதலில் 10 கிகா ஹெர்ட்ஸ், 2 கிகா ஹெர்ட்ஸ் அலைகளையும், பின்னாளில் 1,150 மற்றும் 450 மெகா ஹெர்ட்ஸ் அலைகளையும் மாற்றி மாற்றிப் பரிசோதித்தது இந்த இரண்டுக்கும் நடுவே வழி தேடித்தான். தகர ஷீட் என்றால் எந்த அலைக்கும் வழியில்லை. உலோகம் அலையை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். தகர ஷீட் கூரை விழுந்து மூடிய இடத்தில் ரேடார் வைக்க வேண்டுமானால், முதலில் ஷீட்டை அகற்ற வேண்டும்.

இந்த நுட்பம் உண்மையான பேரிடரில் உயிர் காத்த நிகழ்ச்சி 2015 நேபாள நிலநடுக்கத்தில் நடந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகமும் அந்நாட்டு உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து உருவாக்கிய ‘ஃபைண்டர்’ என்ற கைப்பெட்டி அளவுக் கருவி, சிந்துபால்சோக் மாவட்டத்தின் சௌதாராவில், ஏறத்தாழ மூன்று மீட்டர் செங்கல், மண், மரத்துக்கு அடியில் கிடந்த நான்கு பேரின் இதயத் துடிப்பைக் கண்டது. இரண்டு கட்டடங்களில் இரண்டிரண்டு பேராக அவர்கள் மீட்கப்பட்டார்கள். அந்தக் கட்டடங்கள் மண்ணும் செங்கல்லும் கலந்தவை என்பது நமக்கு முக்கியமான செய்தி. காய்ந்திருக்கும் வரை, மண்ணும் செங்கல்லும் கம்பி கட்டிய கான்கிரீட்டைவிட ரேடார் அலைக்கு எளிதாக வழிவிடுகின்றன.

‘காய்ந்திருக்கும் வரை’ என்பதில்தான் நமக்குச் சோதனை. காய்ந்த மணல் ரேடியோ அலையைப் பெரிதாகத் தடுக்காது. தண்ணீர், அதிலும் உப்பும் களிமண்ணும் கலந்த தண்ணீர், அலையை உறிஞ்சிவிடுகிறது. வட ஆர்க்காட்டில் வீடு இடிவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். அப்போது சுவர் முழுக்க நீர் கோத்திருக்கும். திருவண்ணாமலையில் 2024இல் சரிந்து வந்தது நீர் ஊறிய மண்ணும் அதில் புரண்டு வந்த பாறைகளும். அங்கே மண்ணுக்குள் போன 7 பேரில் 5 பேர் குழந்தைகள். ஒருவரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. பெரிய எந்திரங்கள் ஏற முடியாத சரிவில், வீரர்கள் கையால் மண்ணை அள்ளித்தான் தேடினார்கள். இராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அன்று பின்னிரவில், தோல் தொழிற்சாலைக் கழிவைத் தேக்கி வைத்த தொட்டியின் சுவர் உடைந்து, அருகே தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். உப்பும் உலோகமும் கரைந்த அந்தச் சேற்றுக்குள் எந்த ரேடார் அலையும் போயிருக்காது, காற்றுள்ள இடுக்கும் இருந்திருக்காது. அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வெகுதூரம் வந்தவர்கள். அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது தேடும் கருவி அல்ல, ஒழுங்காகக் கட்டிய சுவரும், தொட்டிக்கு எட்டத்தில் ஒரு படுக்கை அறையும்தான்.

இல்லாத உயிரையும் ரேடார் காட்டும். வயநாட்டில் 2024 ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு, ஆகஸ்ட் 2 அன்று முண்டக்கையில் இடிந்த கட்டடம் ஒன்றின் அடியில் மூச்சு போன்ற சைகை ரேடாரில் தெரிந்தது. நாடே அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருக்க, படையினர் இரவு வரை தோண்டினார்கள். மனிதர் எவரும் கிடைக்கவில்லை. ஒரு சிற்றுயிரின் மூச்சும், எங்கோ கசியும் நீரின் சீரான அசைவும்கூட இப்படிச் சைகை தரக்கூடும். அந்தத் தோண்டலை வீண்வேலை என்று சொல்ல மாட்டேன். அந்தச் சைகையைக் கண்டபின் தோண்டாமல் விட்டிருந்தால்தான் தவறு. ‘இருக்கிறார்’ என்ற சொல்லும் பிழையாகலாம் என்பதால், ஒரு கருவி சொன்னதை வேறு வகையான இன்னொன்றால் சரிபார்ப்பது மீட்புப் பணியின் வழக்கமாகிவிட்டது.

அப்படிச் சரிபார்க்கும் பொறுப்பு பெரும்பாலும் நாய்க்குத்தான் போகிறது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குப் போன இந்திய மீட்புப் படையோடு சென்ற ஜூலி, ரோமியோ என்ற இரண்டு நாய்களை இங்கே சொல்ல வேண்டும். காசியான்தெப் மாகாணத்தின் நூர்தாயி என்ற ஊரில், ஓர் இடிபாட்டின் மேல் ஜூலி நின்று குரைத்தது. அதை அப்படியே ஏற்காமல், முதல் நாய் காட்டிய இடம் எது என்று அறியாத ரோமியோவைத் தனியாக விட்டார்கள். அதுவும் அங்கேயே குரைத்தது. அதன்பின் தோண்டி, 6 வயதுச் சிறுமி ஒருத்தியை உயிரோடு எடுத்தார்கள். உயிருள்ள உடலின் மணத்துக்கு மட்டும் குரைக்கப் பழக்கிய நாய்கள் இவை. உடல்களைத் தேடும் நாய்களுக்குப் பழக்கம் வேறு. தெலங்கானாவில் 2025 பிப்ரவரி 22 அன்று சுரங்கக் கால்வாய் இடிந்து 8 பேர் சிக்கியபோது, கேரளக் காவல்துறையிலிருந்து வரவழைக்கப்பட்டவை இந்த இரண்டாம் வகை.

நாய்க்கும் எல்லை உண்டு. மணம் நேராக மேலே வராது. அடுப்புப் புகை கூரையின் எந்த இடுக்கில் வெளியேறும் என்று சொல்ல முடியாததுபோல, உள்ளே இருப்பவரின் மணமும் வெற்றிடங்களின் வழியே வளைந்து போய், ஐந்தாறு மீட்டர் தள்ளிக்கூட வெளிப்படலாம். நாய் குரைத்த இடம் ஆள் இருக்கும் இடம் ஆகாது, மணம் வெளிவரும் வாய் மட்டுமே. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கித் தேட வேண்டியது பயிற்றுநரின் வேலை. அதோடு, வாயைத் திறந்து இளைக்கும் நாயால் ஒழுங்காக மோப்பம் பிடிக்க முடியாது. 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வேலூர்ச் சித்திரை வெயிலில், சூடேறிய கான்கிரீட்டின் மேல் ஒரு நாய் சிறிது நேரம்தான் வேலை செய்யும். அதற்கு நிழலும் தண்ணீரும் மாற்று நாயும் வேண்டும்.

மற்றக் கருவிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். வெப்பப் படக்கருவி சுவரை ஊடுருவிப் பார்க்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. பரப்பின் சூட்டை மட்டுமே அது காட்டும். இருட்டில் கூரைமேல் தவிப்பவரையோ, வெள்ளத்தில் மரத்தைப் பற்றியிருப்பவரையோ ட்ரோனில் கட்டிய வெப்பப் படக்கருவி அருமையாகக் காட்டும். மூடிய தளத்துக்கு அடியில் அதற்கு வேலை இல்லை. நீண்ட கோலின் நுனியில் விளக்கும் ஒலிவாங்கியும் பொருத்திய தேடல் கேமராவோ, இடம் ஓரளவு தெரிந்த பிறகு, துளைபோட்டு உள்ளே விட்டுப் பார்க்க உதவுவது. உத்தரகாசியின் சில்க்யாரா சுரங்கத்தில் 2023 நவம்பரில் சிக்கிய 41 பேரின் முகங்களை, 6 அங்குலக் குழாய் வழியே அனுப்பிய இத்தகைய கேமராதான் முதலில் வெளியுலகுக்குக் காட்டியது. அவர்கள் 17ஆம் நாள் வெளியே வந்தார்கள்.

கைபேசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துருக்கியில் இடிபாட்டுக்குள்ளிருந்து வாட்ஸ்அப்பில் இருப்பிடம் அனுப்பிப் பிழைத்தவர்கள் உண்டு. சிக்கியவரின் கைபேசிக்கு வெளியே இருப்பவர்கள் ஓயாமல் அழைப்பதால் பேட்டரி தீர்ந்துபோகும் ஆபத்தும் உண்டு. அழைப்பதானால், வெளியே எல்லோரும் அமைதியாக நின்று மணியோசைக்குக் காது கொடுக்கும் நேரத்தில், ஒருவர் மட்டும் அழைப்பதே பயன் தரும்.

எந்திரப் பாம்பும் பூச்சிகளும் இன்னும் சோதனைப் படியில்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பாம்பு ரோபோ 2017 மெக்சிகோ நிலநடுக்கத்தில் இடிபாட்டுக்குள் விடப்பட்டது. 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்துக்குச் சிங்கப்பூர்க் குழு, முதுகில் கேமராவும் உணரிகளும் சுமந்த 10 கரப்பான்பூச்சிகளைக் கொண்டுபோனது. இரண்டிலும் உயிரோடு எவரும் கிடைக்கவில்லை. கைநுழையாத இடுக்கில் கண்ணை நுழைக்கும் முயற்சிகள் இவை. மதிக்கத்தக்கவை, நாளை பயன்படக்கூடியவை. ஆனால் நம் மாவட்டத் தீயணைப்பு நிலையம் ஒன்றுக்கு இன்று என்ன வாங்கித் தரலாம் என்று யாரேனும் கேட்டால், ஒலி உணரித் தொகுதி ஒன்றையும் தேடல் கேமரா ஒன்றையும்தான் நான் சொல்வேன். காரணம் தூரம். அரக்கோணத்திலிருந்து பேரணாம்பட்டுக்குச் சாலை வழியாக இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து வர முடியாது. அழைப்பு போய், படை திரண்டு, வண்டி கிளம்பும் நேரம் தனி. மண்வீட்டில் புதைந்தவருக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடையாது.

ஜப்பானின் கோபே நகரில் 1995இல் நேர்ந்த நிலநடுக்கத்தைப் பற்றிய கணக்கு இதையே சொல்கிறது. இடிபாட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டியிருந்த ஏறத்தாழ 35,000 பேரில் 27,000 பேர் வரை வெளியே எடுத்தது அக்கம்பக்கத்தார். எல்லா வசதியும் கொண்ட நாட்டிலேயே அதுதான் நிலை. அக்கம்பக்கத்தாரிடம் ரேடார் இருக்காது. அவர்களிடம் இருப்பது வேறு எந்தக் கருவியாலும் தர முடியாத செய்தி: இந்த வீட்டில் மொத்தம் எத்தனை பேர், நேற்று இரவு யார் யார் இருந்தார்கள், எந்த அறையில் யார் படுப்பது வழக்கம், பாட்டிக்கு நடையிலா பின்கட்டிலா கட்டில், வெளியூர் போன மருமகள் திரும்பினாளா. பயிற்சி பெற்ற படை வந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்விகளும் இவைதான். யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால், கருவி முழு இடிபாட்டையும் அடி அடியாகத் தேட வேண்டியிருக்கும். ஒருவர் வீட்டின் வரைபடத்தைத் தரையில் குச்சியால் கீறிக் காட்டிவிட்டால், தேட வேண்டிய பரப்பு பத்தில் ஒன்றாகக் குறையும்.

ஜேசிபியை உடனே இறக்கிவிடக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததே. எந்திரத்தின் வாளி ஒரு சாய்ந்த தளத்தைத் தூக்கினால், அது தாங்கி நின்ற இடுக்கு அப்படியே அமுங்கும். ஆள் இருக்கும் இடம் தெரியும் வரை மேலிருந்து கையால் எடுப்பதும், எடுத்த மண்ணை இன்னொரு வெற்றிடத்தின் மேல் கொட்டாதிருப்பதும் வேண்டும். கண்டுபிடித்தவுடன் இழுத்துவிடவும் கூடாது. பல மணி நேரம் கால் நசுங்கிக் கிடந்தவரின் தசையிலிருந்து, பாரத்தை எடுத்த கணமே, பொட்டாசியமும் தசைப் புரதமும் இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தக்கூடும், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். லண்டன் குண்டுவீச்சில் பாதிக்கப்பட்டவர்களிடம் இதைக் கண்டு 1941இலேயே மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அதனால்தான் பாரத்தை அகற்றுவதற்கு முன்பே நரம்பில் உப்புநீர் ஏற்றுகிறார்கள். மருத்துவர் வந்து சேரும் வரை, உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதே பக்கத்தில் நிற்பவர் செய்யக்கூடியது.

சிக்கியவர் இருக்கும் இடம் உறுதியானதும், இன்சராக் முறைப்படி, அதற்கு அருகே ‘வி’ என்ற ஆங்கில எழுத்தைப் பெயின்ட்டால் பெரிதாக எழுதுவார்கள். அதன் கீழே, உயிரோடு இருப்பவர்களுக்கு ‘எல்’ என்ற எழுத்தும் அவர்கள் எண்ணிக்கையும், இறந்தவர்களுக்கு ‘டி’ என்ற எழுத்தும் அவர்கள் எண்ணிக்கையும் இடம்பெறும். ஒருவரை வெளியே எடுத்ததும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுவார்கள். ‘எல்’ என்பதன் பக்கத்தில் எண் இருக்கும் வரை, இரவானாலும் மழை வந்தாலும், அந்த இடத்தில் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.